டிரம்முக்கு வயிறு

பெல்ட் மறுபடியும் இடது பக்கம் போனது.

மில்லி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முதல் சுற்று ஒழுங்கு. இரண்டாவதும் ஒழுங்கு. மூன்றாவது சுற்றில், விருந்தில் பாதியில் எழுந்து போகிறவனைப் போலச் சத்தமில்லாமல் ஒதுங்கியது. ஐந்தாவதில் ஓரம் தாண்டித் தொங்கியது. ஏழாவதில் விழுந்தது. ஐந்து மாதமாக இதே கதை.

கல் உடைக்கும் ஆலையில் அவர் இருபத்தாறு வருடமாக பெல்ட் ஃபிட்டர். மலையிலிருந்து வரும் கல்லை வாயில் போட்டு மென்று ஜல்லியாகத் துப்பும் அந்த ஆலையில், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கல்லைச் சுமந்து போவது ஒன்பது கன்வேயர் பெல்ட்கள். எந்தப் பெல்ட் ஒதுங்குகிறது என்பதை டீ குடித்துக்கொண்டே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். ‘கொஞ்சம் நகர்த்து’ என்ற பேச்சே அவரிடம் கிடையாது. ‘மூணு மில்லி நகர்த்து’ என்பார். அதனால் வந்த பெயர் மில்லி. பெயர் ஆலையிலிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், “இன்னிக்கு எத்தனை மில்லி கோபம்?” என்று மனைவி கேட்பாள்.

அதே ஆலையை, ஐம்பதில் ஒரு பங்காக, வீட்டு முன்னறை மேசையில் கட்டியிருந்தார். ஏழாவது சுற்றில் விழுவது இந்த மாடலின் பெல்ட். ஆலையின் தூசியை டீ வடிகட்டியில் சலித்து எடுத்ததுதான் அதன் ஜல்லி. ஏணியின் படிகள் எண்ணிக்கை மாறாமல் இருந்தன. ஆலையில் கழிப்பறைக் கதவின் மேல் கீல் உடைந்திருந்ததால் மாடலிலும் உடைந்திருந்தது. ஆலையில் அந்தக் கீலைச் சரிசெய்தபோது மில்லிக்கு இரண்டு நாள் வேலை கூடியது.

பெல்ட் சுற்றி ஓடும் உருளைக்கு ஆலையில் டிரம் என்று பெயர். பார்வைக்கு அது நேரான குழாய்தான். ஆனால் நடுவில் லேசாகப் பருத்திருக்கும். அதை வயிறு என்பார்கள். பெல்ட் எப்போதும் மேட்டைத் தேடி ஏறும்; மேடு நடுவில் இருந்தால் நடுவிலேயே நின்று ஓடும். ஆலை டிரம்முக்கு நாலு மில்லி வயிறு. மில்லி அதை ஐம்பதால் வகுத்து, ஒரு தலைமுடியின் தடிமனுக்கு வயிறு வைத்துத் தன் டிரம்மைக் கடைந்திருந்தார். கடைய மூன்று வாரம் ஆயிற்று. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஆகவே கோளாறு டிரம்மில் இருக்க வழியில்லை என்று சட்டத்தைக் கழற்றினார், மோட்டாரை மாற்றினார், சைக்கிள் ட்யூபை அறுத்துச் செய்த பெல்ட்டை ஆறு முறை புதிதாக ஒட்டினார்.

ஊரில் மாடல் கட்டுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்து ஹாலில் மூன்று நாள் கூடுவார்கள். முதல் நாள் காலை சோதனை. கை படாமல் ஒரு மணி நேரம் ஓடுகிற மாடலுக்குத்தான் நடு மேசை. அடுத்த இரண்டு நாளும் ஊர் வந்து முதலில் பார்ப்பது அதைத்தான். நாலு வருடமாக நடு மேசை மில்லியுடையது. கிரேன், லிஃப்ட், டிப்பர் லாரி, மண் வாரும் யந்திரம். இந்த வருடம் பெல்ட். அவருடைய சொந்தத் தொழில். இதில் தோற்றால் ஆலையில் எந்த முகத்தோடு நிற்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பிய மனைவி, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

“ஏங்க, தம்பி வீட்டுல பெல்ட் ஓடுது.”

“எந்தத் தம்பி?”

“எனக்கு எத்தனை தம்பி? என் தங்கச்சி வீட்டுக்காரருதான். நாங்க சாப்பிட உட்கார்ந்தப்ப போட்டுவிட்டாரு. கை கழுவிட்டு வந்து பாக்கறேன், இன்னும் ஓடுது.”

“எதுல பண்ணியிருக்கான்?”

“ரிப்பன்ல.”

“ரிப்பன்லயா?”

“கறுப்பு ரிப்பன். பாக்க அழகா இருக்குங்க” என்றாள். கடைசி வார்த்தைகள் வேண்டியிருக்கவில்லை.

சகலை தையல்காரர். மில்லிக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அந்த வீட்டுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து மில்லியின் வயிற்றில் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாமியார் மில்லியோடு பேசும்போது முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். தையல்காரரோடு பேசும்போது வாய்விட்டுச் சிரிப்பாள். தையல்காரர் ஒருமுறை மாமனாருக்கு ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் கால்சட்டை தைத்துக் கொடுத்தார். மாமனார் அதைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினார். பத்து வருடம் முன்பு மில்லி அதே மாமனாருக்கு ஒரு நாற்காலி செய்து கொடுத்திருந்தார். நாலு காலும் ஒரே அளவு. அதைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஐந்து மாதம் முன்பு தையல்காரர் இந்த மாடலைப் பார்த்துவிட்டு, “அண்ணே, நானும் ஒண்ணு பண்ணிப் பாக்கட்டுமா?” என்று கேட்டார். மில்லிதான் பெரிய மனுஷன் மாதிரி, “பண்ணுங்க சகல, அதுக்கென்ன” என்றார்.

மறுநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தையல்கடைக்குப் போனார். கடைக்குப் பின்னால்தான் வீடு. தைத்த சட்டைகள் கம்பியில் தொங்க, அவற்றைத் தலையால் விலக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும்.

“வாங்கண்ணே! டாக்டரே வந்துட்டாரு, இனி என் பெல்ட்டுக்குக் கவலையில்ல” என்றார் தையல்காரர், வாயில் குண்டூசியோடு.

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.”

“அத்தான் சும்மா எந்தப் பக்கமும் போக மாட்டாரே” என்றாள் கொழுந்தியாள், சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே.

மாடல் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி மேல் இருந்தது. மில்லிக்கு அதைப் பார்த்ததும் முதலில் நிம்மதி. அளவு என்று ஒன்றுமே இல்லை. லாரியைவிட டிரைவர் உயரம். கல் கொட்டும் வாய்க்குப் பதில் விரலில் மாட்டும் தையல் தொப்பி. கல்லுக்குப் பதில் உடைந்த சட்டைப் பித்தான்கள். கீழே ஒரு பொம்மை ஆள், வழுக்கைத் தலையும் தொப்பையுமாக, பித்தான்களை வாரிப் போடுவதுபோல் குனிந்திருந்தான். அச்சு அசல் மாமனார்.

தையல்காரர் சுவிட்சைப் போட்டார். ரிப்பன் ஓடியது. மில்லி எண்ணினார். ஏழு. பத்து. நாற்பது. எண்ணுவதை விட்டார். ரிப்பன் ஒரு நூல்கூட விலகவில்லை.

“நில்லுங்க, டீ சொல்லிட்டு வந்துடறேன்” என்று தையல்காரர் வெளியே போனார். கொழுந்தியாள் காஜாவில் குனிந்திருந்தாள். மில்லி சுவிட்சை அணைத்து, ரிப்பனை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

டிரம், விளக்குமாற்றுக் கட்டையில் வெட்டிய துண்டு. அதன் நடுவில் நீல நூல் ஏழெட்டுச் சுற்று இறுகச் சுற்றியிருந்தது.

வயிறு.

ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஐம்பதால் வகுக்கவே கூடாத ஒன்றை வகுத்திருக்கிறார். அளவைக் குறைத்தால் மேட்டையும் அதே கணக்கில் குறைக்கலாம் என்று யார் சொன்னது? இந்தச் சின்னப் பெல்ட்டுக்கு ஒரு தலைமுடி மேடெல்லாம் மேடே இல்லை. இருபத்தாறு வருடம் வயிற்றைத் தடவிப் பார்த்த கை. விளக்குமாற்றுக் கட்டையில் வந்து பாடம் படிக்கிறது.

“அதை ஏன் பாக்கறீங்க, அசிங்கம்” என்றபடி தையல்காரர் இரண்டு டீயோடு வந்தார். “ஆணி அடிச்சப்ப கட்டை விரிசல் விட்டுடுச்சு. சரி போகட்டும்னு நூலைச் சுத்திக் கட்டி வச்சேன். ஹாலுக்கு இதைக் கொண்டுவர மாட்டேன், பயப்படாதீங்க. லேத்துக் கடையில சொல்லி புதுசா இரும்புல கடைஞ்சு வாங்கியிருக்கேன். இந்தாங்க, தொட்டுப் பாருங்க. வழவழன்னு கண்ணாடி மாதிரி.”

மில்லி அந்த இரும்பு உருளைகளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி மாதிரிதான் இருந்தன. நேராக, வயிறில்லாமல். இவற்றில் ரிப்பன் அஞ்சு நிமிடம் தாங்காது.

“எப்படிண்ணே இருக்கு?”

மில்லி டீயை ஒரு வாய் குடித்தார்.

“நல்லா கடைஞ்சிருக்கான்” என்றார்.

அது பொய்யில்லை. வழி நெடுக அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்து டிரம்மின் நடுவில் சுற்றினார். வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் எதாலும் வகுக்காமல் செய்த வேலை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் போவது போல உடம்பு கூசியது. சுவிட்சைப் போட்டார். பெல்ட் நடுவில் ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். ஓடிக்கொண்டே இருந்தது.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

“இது தம்பி வீட்டுல பார்த்ததுதானே?”

“இது ஆலையில பார்த்தது. டிரம்முக்கு வயிறு.”

“அவருகிட்ட சொன்னீங்களா?”

“எதை?”

அவள் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எத்தனை மில்லிங்க இந்த வயித்தெரிச்சல்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நூல்கண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஹாலில் சோதனையை நடத்துகிறவர் கண்ணாடிக் கடைக்காரர். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று இரண்டு கண்ணாடியோடு திரிவார். அந்த வருடம் ஓடுகிற மாடல் இரண்டுதான். சுவரோர மேசைகளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். மணியைப் பார்த்து, “போடுங்க” என்றார்.

நாலாவது நிமிடம் தையல்காரரின் ரிப்பன் ஒதுங்கியது. ஐந்தாவது நிமிடம் சுருண்டு விழுந்து, பித்தான்கள் தரையெல்லாம் ஓடின. கொழுந்தியாள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். மில்லி தன் பெல்ட்டை மட்டும் பார்த்தார். அது நடுவிலேயே ஓடியது. இந்த நிமிடத்துக்காக ஐந்து மாதம் காத்திருந்தது நினைவிருந்தது. அது வந்தபோது நெஞ்சில் ஒன்றும் இனிக்கவில்லை.

தையல்காரர் சிரித்தார். “புது இரும்பு, புது மாப்பிள்ளை மாதிரி முறைக்குது” என்றார். நாலு பேர் அதற்குச் சிரித்தார்கள். பிறகு மில்லியின் மேசைக்கு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாருங்க. எங்கண்ணன் பண்ணது. அந்தக் கதவோட கீலைப் பாருங்க. மனுஷன் தூங்குவாரா மாட்டாரா!”

மில்லிக்குத் தாங்கவில்லை. தோற்றுப்போனவன் மூலையில் உட்கார வேண்டாமா? ஒருத்தனால் இப்படியும் தோற்க முடியுமா? தன்னிடம் இல்லாத இன்னொன்று இவனிடம் இருக்கிறது. அதைக் கடையச் சொல்லித்தர எந்த லேத்துக் கடையும் இல்லை.

முப்பதாவது நிமிடம் இருக்கும். தையல்காரர் குனிந்து, பெல்ட்டின் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான வருத்தம்.

“ஐயோ அண்ணே, உங்க டிரம்மும் விரிசல் விட்டுடுச்சா?”

சுற்றி நின்றவர்கள் டிரம்மைப் பார்த்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

“ஆமா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மூன்று வாரம் கடைந்த டிரம். அதில் விரிசலாம்.

“விரிசலா? என் டிரம்முலயா?” என்றார் மில்லி. குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்தது. “அது விரிசல் இல்ல சகல. வயிறு. பெல்ட்டு மேட்டைத்தான் தேடி ஏறும். நடுவுல மேடு இருந்தா நடுவுல நிக்கும். உங்க கட்டையில நீங்க சுத்தின நூல்தான் அதை ஓட்டினது. இரும்புல வயிறு இல்ல, விழுந்துடுச்சு.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே. உங்க வீட்டுல. நீங்க டீ வாங்கப் போனப்ப.”

கொழுந்தியாள் கையில் பித்தான்களோடு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மில்லி அடுத்து வரப்போகும் பேச்சுக்குத் தயாராக நின்றார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தையல்காரர் திரும்பித் தன் இரும்பு உருளையைப் பார்த்தார். பிறகு, “அப்ப நான் பண்ணது சரிதானா?” என்றார்.

“எது?”

“அந்த நூலு!” நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். “அடியே, கேட்டியா? நான் பண்ணது சரியாம்! ஆலையில இருக்கிறதே அதானாம்! அண்ணனே சொல்றாரு!”

“ஆமா, இப்ப சொல்றாரு” என்றாள் அவள். அது தையல்காரர் காதில் விழவில்லை. சட்டைப் பையிலிருந்து நூலை உருவி, பல்லால் கடித்து, இரும்பு உருளையில் சுற்றத் தொடங்கியிருந்தார்.

ரிப்பன் மறுபடி ஓட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பித்தான்கள் தொப்பியில் விழும் சத்தம் டிக் டிக் என்று கேட்டது. முதலில் இரண்டு பேர் அந்தப் பக்கம் போனார்கள். பிறகு எட்டுப் பேர். ஒரு குழந்தை, “தாத்தா பித்தான் தள்றாரு!” என்று கத்தியது. அதன் பிறகு அந்த மேசையைச் சுற்றி முதுகுகள் மட்டுமே தெரிந்தன.

மில்லியின் பெல்ட் ஒரு மணி நேரத்தை முடித்தது. கண்ணாடிக் கடைக்காரர் வந்து சீட்டை ஒட்டினார்.

“நடு மேசை உங்களுக்குத்தான். தூக்கி வச்சுடலாம். நாலு ஆள் வேணும்.” திரும்பி, “யாராவது வாங்கப்பா” என்று குரல் கொடுத்தார். யாரும் திரும்பவில்லை. “கொஞ்சம் பொறுங்க, நானும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்” என்று அவரும் போனார்.

மில்லி தனியாக நின்றார். நடு மேசை காலியாக இருந்தது. அவருடைய ஜல்லி, ஐம்பதில் ஒரு பங்கு, சிந்தாமல் ஏறி சிந்தாமல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை. தெரியாமல் நிற்க முடியவில்லை.

போனார். முதுகுகளுக்குப் பின்னால் நின்று, கால்விரல்களை ஊன்றி எட்டிப் பார்த்தார். கூட்டத்துக்குள் இருந்த மனைவி அவரைக் கவனித்து, முழங்கையால் பக்கத்திலிருந்தவரை நெட்டி இடம் பண்ணினாள்.

“இங்க வாங்க. இங்கேருந்து நல்லாத் தெரியும்.”

அங்கே போய் நின்றார். நன்றாகத்தான் தெரிந்தது.