கடைசியில் சேர்த்த ஈரப்பதம்

நெல் அவிகிற வாசனை... பாபநாசம் ரைஸ்மில்லின் எடைமேடை அறைக்குள் போனதும் அதுதான் முதலில் முகத்தில் அடிக்கும்.

அங்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர் கலா அக்கா. தஞ்சாவூர் ஆபீஸில் எங்களோடு சி புரோகிராம் எழுதிய முரளி அண்ணனின் மனைவி.

லாரி எடை போடும் புரோகிராமை அந்த மில்லுக்கு எழுதிக் கொடுத்தது அண்ணன்தான். தினமும் நாலு மணிக்குத் திரையில் ஒரு வரி வரும்: "கலா, டீ குடிச்சியா?" மில் ஆட்கள் அதைச் சொல்லியே அக்காவை ஓட்டுவார்கள்.

அண்ணன் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய ஹார்ட் டிஸ்கும் கெட்டு, புரோகிராமைத் திருத்தத் தேவையான சோர்ஸ் கோடு போயே போச்சு. மில்லில் ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு காப்பிதான் மிச்சம்.

அந்த வருடம் குறுவை அறுவடையில் மழை. எடையோடு நெல்லின் ஈரப்பதமும் பதிய வேண்டும் என்று மற்ற மில்காரர்கள் கேட்டார்கள். மெஷினிலிருந்து எடையை வாங்கி எல்லா மில் புரோகிராமுக்கும் கொடுக்கிற பொதுவான லைப்ரரியில், எடையும் லாரி நம்பரும் வரிசையாக இருக்கிற ஸ்ட்ரக்சர் என்ற பட்டியலில், எடைக்குப் பக்கத்திலேயே ஈரப்பதத்தைச் செருகச் சொன்னார் எங்கள் ஆபீஸ் முதலாளி. பார்க்க லட்சணமாக இருக்குமாம்.

செருகினால் மற்றதெல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். பழைய புரோகிராம் ஈரப்பதத்தை லாரி நம்பர் என்று படித்துத் தொலைக்கும். பாபநாசத்திலோ எடை மெஷின் பழுதாகிப் புதுசு வந்திருந்தது, அதற்குப் புது லைப்ரரி போட்டே ஆகவேண்டும். "அங்கயும் புது புரோகிராம் போட்டுடுங்க" என்றார், ரொம்ப சுலபமாக.

அக்கா போன் செய்தார். "புதுசு போட்டா அந்த நாலு மணி வரி வராதுல்லம்மா?"

ஆபீஸில் பத்திரமாக இருந்த லைப்ரரியின் சோர்ஸ் கோடை எடுத்தேன்.

அண்ணன் எழுதிய ஸ்ட்ரக்சரைத் திறந்து பார்த்தேன். கேட்கும் புரோகிராம் தனக்குத் தெரிந்த பட்டியலின் அளவை முதல் இடத்திலேயே சொல்லும்படி வைத்திருந்தார், மனுஷன்! ஈரப்பதத்தைக் கடைசியில் சேர்த்தேன். கேட்கும் புரோகிராம் எவ்வளவு அளவு சொல்கிறதோ, அதுவரைக்கும்தான் லைப்ரரி நிரப்பும். பழசுக்குப் பழசு, புதுசுக்குப் புதுசு. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டுமே.

பாபநாசம் போய் நானே போட்டேன். லாரி ஏறியது. எடை சரி, நம்பர் சரி. நாலு மணி வரி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இப்போது போனில் ஆப்பெல்லாம் அதுபாட்டுக்கு மாறிக்கொள்கிறது. பழசு உனக்கு வேண்டுமா என்று யார் கேட்கிறார்கள்...

போன மாதம் அக்கா கூப்பிட்டார். "கம்ப்யூட்டர் ரொம்பப் பழசாயிடுச்சு. எல்லாமே புதுசா போட்டுடும்மா. இப்ப எனக்குப் பரவால்ல."

சரிக்கா என்றேன். போனை வைத்த பிறகு அழுதது நான்தான்.