மேல்வீட்டு மாமாவின் அருகம்புல்

செம்பூரில் எங்கள் வீடு தரைத்தளம். சுவரோரமாகக் கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கிறேன். போன வருடம் மழை நின்றபோது பாத்தி முழுக்க அருகம்புல் படர்ந்திருந்தது. மண்வெட்டியால் கொத்தினால், வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் வேர்விட்டது. பொறுமை போய், நர்சரியில் களைக்கொல்லி வாங்கி வந்து, செடிகளை மூடிவிட்டுப் புல்லின் மேல் அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, மேல்வீட்டு மாமா கை நிறையப் புல்லோடு மாடிப்படி ஏறினார். அவர் தினமும் அருகம்புல் ஜூஸ் குடிப்பவர். எங்கே பறிக்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை. பதறிக்கொண்டு ஓடினேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, குடிச்சுடாதேங்கோ! நேத்துதான் அதுல மருந்து அடிச்சேன்!"

மாமா மிக்ஸியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லப்படாதாம்மா?"

இப்போது மருந்தே கிடையாது. தண்ணீர் விட்டு மண் இளகியதும் வேரோடு பிடுங்கி, ஒரு துண்டு விடாமல் அள்ளிவிடுகிறேன். மாமாவுக்கு அவர் பால்கனியிலேயே ஒரு தொட்டியில் அருகு நட்டுக் கொடுத்தேன். அது இப்போது தொட்டியைத் தாண்டி, கம்பி வழியாகக் கீழே தொங்குகிறது. நேர் கீழே என் கத்தரிப் பாத்தி.