வந்தவரையெல்லாம் திருப்பி அனுப்பியவர்

என் அக்கா கணவருக்கு அலுவலகத்தில் 'சந்தேகம்' என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர். அவரிடம்தான் ஒரு பள்ளியின் சேர்க்கைக்கு இணையதளம் கட்டும் வேலை வந்தது.

பாதுகாப்பான இணைப்பில் வராதவர்களை 'அந்த வழியாக வா' என்று திருப்பி அனுப்பும்படி நிரல் எழுதினார். நியாயம்தான். ஆனால் தளத்துக்கு முன்னால் ஒரு வாசல் சர்வர் நின்றது. பாதுகாப்பு உறையை அதுவே பிரித்து, கோரிக்கையை வெறுமனே உள்ளே அனுப்பும். 'இவர் பாதுகாப்பாகத்தான் வந்தார்' என்று ஒரு குறிப்பும் சேர்க்கும். அந்தக் குறிப்பை நம்பக் கூடாதென்பது இவர் கொள்கை. அதனால் உறையில்லாமல் உள்ளே வந்த எல்லாருமே தளத்தின் கண்ணுக்குப் பாதுகாப்பில்லாதவர்கள்தான்.

சேர்க்கை நாளன்று, ஒழுங்காக வந்த பெற்றோரையெல்லாம் தளம் திருப்பி அனுப்பியது. அவர்கள் அதே வழியில் மறுபடி வந்தார்கள். மறுபடி திருப்பியது. செக்குமாட்டுச் சுற்று. மகளுக்கு இடம் கேட்டு வந்த அக்காவும் அதில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அந்த ஒரு பள்ளிதான்.

"என்னங்க, உங்க தளம் உள்ளயே விடமாட்டேங்குது," என்றாள் தொலைபேசியில்.

"பாதுகாப்பா வந்தியா?"

"சோபாவுல உக்காந்துதான் வந்தேன். ஹெல்மெட் போடணுமா?"

மதியம் பள்ளி, நேரில் வந்தாலும் பதிவு செய்யலாம் என்று அறிவித்தது. "நீ ஏன் அலையிற, இப்ப திறந்துடும்," என்றார் இவர் அக்காவிடம்.

வாசல் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் அடுத்த மேசைக்காரி.

"அண்ணே, வெளியாள் எவனாவது அந்தக் குறிப்பை எழுதிட்டு வந்தா அழிச்சிட்டு என்னோடதை வைக்கிறேன். என் சர்வர்லேர்ந்து வர்றதை மட்டும் நம்புங்க. ஒரு வரி மாத்தணும், அவ்வளவுதான்."

"நீ அழிக்கிறேன்னு எப்படி நம்புறது?"

"அப்புறம் என்னை எதுக்கு வாசல்ல வெச்சிருக்கீங்க?"

அதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது. தானே பொய்க் குறிப்பு எழுதி அனுப்பிப் பார்த்தார், அழிந்தது. வேறு கணினியிலிருந்து அனுப்பினார், அதுவும் அழிந்தது. அவள் அழகாகத்தான் அழிக்கிறாள் என்று தெளிந்து அந்த வரியை மாற்றியதும் தளம் ஜம்மென்று திறந்தது. 'இடங்கள் நிரம்பிவிட்டன' என்றது. நேரில் போனவர்கள் நிரப்பிவிட்டிருந்தார்கள்.

அத்துமீறி யாரும் நுழையவில்லை என்று அறிக்கை எழுதினார். பொய்யில்லை, முறையாகவும் யாரும் நுழையவில்லை.

மகள் இப்போது இரண்டு பேருந்து மாறி வேறு பள்ளிக்குப் போகிறாள். பக்கத்துப் பள்ளி கிடைக்கலையா என்று கேட்பவர்களுக்கு அக்கா ஒரே பதில் வைத்திருக்கிறாள்.

"வீட்டுக்காரரை நம்பிட்டேங்க."