சித்தியின் வலப் பக்கம்

நான் முதன்முதலில் பொறாமைப்பட்டது ஒரு துப்பாக்கி உறையைப் பார்த்து. அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். வகுப்பில் முதலில் வந்தவள், என்னைவிட நீளமாக முடி வைத்திருந்தவள், பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி வாங்கிக்கொண்டவள். அவர்கள் மனிதர்கள், திட்டினால் திருப்பித் திட்டுவார்கள். உறையோடு சண்டை போட முடியாது. அது சித்தியின் இடுப்பில், வலப் பக்கத்தில், சட்டைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்கு முன் அந்த இடம் என்னுடையது.

சித்தி என் அம்மாவின் தங்கை. புதுச்சேரியிலிருந்து சிறு வயதிலேயே வந்தவள், பாரிஸ் போலீஸில் வேலை. பல வருஷம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பணப்பையைப் பறிகொடுத்தவர்களின் புகாரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். திருடு போன பிறகு வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்று அம்மாவிடம் புலம்புவாள். எனக்கு எட்டு வயது நடந்தபோது, மெத்ரோ ரயிலில் பிக்பாக்கெட்காரர்களைப் பிடிக்கும் குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். சீருடை கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று பிடிக்க வேண்டும்.

நாங்கள் லா ஷப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில், ஒரு நகைக்கடைக்கு மேலே குடியிருந்தோம். சித்தியும் சித்தப்பாவும் ஆர்ஜொந்தெய் என்ற புறநகரில் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் சித்தி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். சாப்பிட்டதும் சோபாவில் சாய்வாள். நான் அவளுடைய வலப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வேன், என் அக்கா இடப் பக்கத்தில். யார் எந்தப் பக்கம் என்பது எப்போதோ முடிவானது, அதில் தகராறே கிடையாது.

புது வேலைக்குப் போன முதல் சனிக்கிழமை, வழக்கம்போல ஓடிப்போய் ஒட்டியபோது ஏதோ ஒன்று என் கன்னத்தில் இடித்தது. சித்தி என்னை மெதுவாக நகர்த்தினாள். "இந்தப் பக்கம் இனிமே வேணாம்டா. அந்தப் பக்கம் வா" என்றாள். அந்தப் பக்கம் என் அக்கா இருந்தாள். அவள் என்னைவிட நான்கு வயது பெரியவள். முழங்கையை எங்கே வைத்து எப்படித் தள்ளினால் எனக்கு வலிக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உறைப் பேச்சுதான். சித்தியின் குழுவில் இருந்த ஆண்கள் தோல் ஜாக்கெட் போட்டு, காதில் ஒயர் செருகிக்கொண்டு நிற்பார்களாம். எந்தத் திருடனுக்கும் அவர்களைத் தூரத்திலேயே தெரிந்துவிடும். சித்தி சுடிதார் போட்டுக்கொண்டு, முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் காய்கறிப் பையோடு நின்றாள். ஒருவனும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலதிகாரிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் சுடிதாருக்கென்று துப்பாக்கி உறை தைப்பவன் இன்னும் பிறக்கவில்லை.

அவளுக்குக் கொடுத்திருந்தது பெல்ட்டில் கோக்கிற தோல் உறை. சுடிதார் பேன்ட்டில் பெல்ட் ஏது, நாடாதானே? நாடாவில் துப்பாக்கியைத் தொங்கவிட்டால் இரண்டும் சேர்ந்து கீழே இறங்கிவிடும் என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தி ஜீன்ஸுக்கு மாறி, பெல்ட் போட்டு, மேலே சுடிதார் டாப்பை விட்டுக்கொண்டாள். அதற்கும் ஒரு சிக்கல் வந்தது. மெத்ரோவில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் டாப்பின் பக்கவாட்டு வெட்டு விரிந்து, உறை எட்டிப் பார்த்தது.

உடம்புவாகும் ஒத்துழைக்கவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்கள் குள்ளம், இடுப்பு குறுகல், அதற்குக் கீழே அகலம். அந்த உறைகளெல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக இருக்கும் ஆண்களுக்குச் செய்தவை. சித்தி கட்டினால் இடுப்பெலும்பு உறையை வெளியே தள்ளும், துப்பாக்கியின் பிடி விலாவில் குத்தும். குளித்துவிட்டு வரும்போது விலாவில் கன்றிப்போன நீலம் தெரியும். முன்பக்கம் செருகும் உறை வாங்கினாள், உட்கார்ந்தால் அடிவயிற்றில் அழுத்தியது. தோளில் மாட்டுவது டாப்பின் அகலமான கழுத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தது. கணுக்காலில் கட்டுவதையும் விட்டுவைக்கவில்லை. குனிந்து அதை எடுப்பதற்குள் திருடன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருப்பான் என்றாள் அம்மா.

இந்தச் சோதனைகளெல்லாம் எங்கள் கூடத்தில்தான் நடந்தன. நிஜத் துப்பாக்கியை வந்தவுடன் பூட்டுப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவாள்; வெறும் உறை மட்டும் இடுப்பிலேயே இருக்கும். அந்தத் துப்பாக்கியை நாங்கள் பார்த்ததே இல்லை. சோதனைக்கு அதே அளவில் நீல பிளாஸ்டிக்கில் ஒரு பொம்மை வைத்திருந்தாள். புது உறையில் அதைச் செருகி, டாப்பை இழுத்துவிட்டு, கூடத்தில் நடப்பாள். குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்குவாள். திரைச்சீலைக் கம்பியை மெத்ரோ கம்பியாக நினைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "தெரியுதா?" என்று கேட்பாள்.

கேட்பது என் அக்காவிடம். அக்கா நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தெரிகிறது, தெரியவில்லை என்று பிரெஞ்சில் தீர்ப்புச் சொல்வாள். சித்தி அதை அப்படியே ஏற்றுக்கொள்வாள். நானும் பார்க்கிறேன் என்று ஒருமுறை கெஞ்சினேன். நீ குள்ளம், உன் கண் சித்தியின் இடுப்பைத் தாண்டி மேலே ஏறாது என்று அக்கா சொன்னாள். பார்க்க வேண்டியதே இடுப்பைத்தானே என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்களுக்கு அது விளையாட்டு, சித்திக்கு அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் டாப்பை இழுத்துவிட்டுக்கொண்டே, "தெரிஞ்சா மறுபடி மேசைதான்" என்று சொல்வாள். ஒரு திருடன் கண்டுகொண்டால் குழுவே கெட்டுப்போகும், அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா எங்களுக்கு விளக்கினாள்.

கடைசியில் ஒன்று பொருந்தியது. அகலமான எலாஸ்டிக் பட்டை, இடுப்பைச் சுற்றிக் கட்டி, முன்னால் இருக்கும் கண்ணி வரிசைகளில் ஒன்றில் கொக்கி மாட்ட வேண்டும். உறை அதிலேயே தைத்திருந்தது. பெல்ட்டும் வேண்டாம், நாடாவோடும் வம்பில்லை. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்தவ கட்டுற மாதிரி இருக்கு" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சித்திக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை, அம்மா அதற்காக ஏறாத கோயில் இல்லை. சித்தி பட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

டாப்பின் வெட்டைச் சரிசெய்ய, எங்கள் தெருவிலேயே ரவிக்கை தைக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் போனோம். துப்பாக்கி என்று சொல்ல முடியுமா? இடுப்பு வலிக்கு டாக்டர் பெல்ட் போடச் சொல்லியிருக்கிறார், அது வெளியே தெரியக் கூடாது என்று அம்மா அளந்துவிட்டாள். தையல்கார அக்கா தலையை ஆட்டினாள். "ஓம், எனக்கும் நாரி நோகிறதுதான். ஆனா உந்தப் பெல்ட்டை இறுக்கிக் கட்டாதேங்கோ, தங்கச்சி" என்றாள். வெட்டை இடுப்புக்குக் கீழே வரை மூடித் தைத்து, வலப் பக்கம் மட்டும் கை நுழைகிற அளவுக்கு அழுத்துப் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். இடுப்பு வலிக்காரிக்கு அங்கே எதற்குப் பொத்தான் என்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் எல்லாம் அக்காவின் தீர்ப்பு ஒன்றுதான்: தெரியவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உறை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது, இனி அந்தப் பக்கம் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. எங்காவது ஒரு குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று மூலையில் உட்கார்ந்து சித்தியையே முறைத்துக்கொண்டிருந்தேன். பட்டையின் கொக்கி முதலில் நன்றாக இறுகும் கடைசி வரிசையில் இருந்தது. பிறகு கொஞ்சம் தளர்வான அடுத்த வரிசைக்கு வந்தது. அதற்கும் அடுத்ததற்கு வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அக்கா போனிலிருந்து தலையைத் தூக்காமலே தெரியவில்லை என்றாள். சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. திரைச்சீலைக் கம்பியைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பி, "சரி, நீ சொல்லு" என்றாள்.

நான் எழுந்து சித்தியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இத்தனை மாதம் காத்திருந்தவள் அவசரப்படுவேனா? வலப் பக்கம் பார்த்தேன், இடப் பக்கம் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். உறை இருக்குமிடம் மருந்துக்கும் தெரியவில்லை. ஆனால் வெறும் கையோடு போய் உட்கார எனக்கு மனசில்லை.

"துப்பாக்கி தெரியல சித்தி. வயிறுதான் தெரியுது" என்றேன்.

சித்தியின் கை கம்பியிலிருந்து இறங்கியது. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். சித்தியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள். என் அக்கா பிரெஞ்சில் என்னைத் திட்டினாள், ஒருவரைக் குண்டு என்று சொல்வது அசிங்கமாம். நான் அந்தச் சொல்லையே சொல்லவில்லை என்று வாதாடினேன். எங்கள் இருவரையும் யாரும் கவனிக்கவில்லை.

சித்தி சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், கரண்டியை ஓங்கிக்கொண்டு திட்டினாள். கூடப் பிறந்தவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றாள். பிள்ளை மேலே துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு திருடன் பின்னால் ஓடுவார்களா என்றாள். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிடலாம் என்று பார்த்ததாகச் சித்தி சொன்னாள். திங்கட்கிழமையே ஆபீசில் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொன்னாள்.

"சொன்னா மேசைதான்" என்றாள் சித்தி.

"இப்ப மேசையா உனக்கு முக்கியம்?"

"எனக்கு ரெண்டும் முக்கியம்தான்."

அம்மா சமையலறைக்குப் போய்க் கல் உப்பும் கைநிறையக் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்து சித்தியைச் சுற்றினாள். என் பிறந்தநாளுக்கு உப்பு மட்டும்தான் சுற்றுவாள், சித்திக்கு இத்தனை மிளகாயா என்று எனக்கு அதிலும் ஒரு எரிச்சல். மிளகாயை அடுப்பில் போட்டதும் கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி அலற ஆரம்பித்தது. அக்கா நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினாள். அம்மா இருமிக்கொண்டே என்னைப் பார்த்து, "உனக்கு இருக்கறது என்ன கண்ணுடி? பொல்லாத கண்ணு" என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அக்காவால் முடியாதது என்னால் முடிந்திருக்கிறதே. மிளகாய் யார் கண்ணுக்காக எரிந்தது என்று யோசிக்கவில்லை.

அந்த வயிற்றில் இருந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சித்தி மறுபடி திருடர்களைப் பிடிக்கத் தெருவுக்குப் போவதற்கு அவள் நடக்கப் பழகி, பேசப் பழக வேண்டியிருந்தது. இப்போது அந்தப் பெண் என்னிடம் வந்து, அம்மா வலப் பக்கம் உட்காரவே விடமாட்டேன் என்கிறாள் என்று மூக்கைச் சிந்துகிறாள். எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, கொஞ்சம் திருப்தியாகவும் இருக்கிறது.

அன்று புகை அடங்கிய பிறகு, சித்தி பட்டையின் கொக்கியை அவிழ்த்து, நீலத் துப்பாக்கியோடு சேர்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். சோபாவில் தன் வலப் பக்கத்தைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். நான் பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டேன். கன்னத்தில் எதுவும் இடிக்கவில்லை, மெத்தென்று சூடாக இருந்தது. எனக்காகத்தான் அதைக் கழற்றிவிட்டாள் என்று நினைத்து, அக்காவைப் பார்த்து நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டினேன். சித்தி என் தலையைத் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் அப்படி என்ன இருக்கிறது, நான்தான் இங்கே இருக்கிறேனே என்று எனக்குத் தோன்றியது.