குவிரின் போய்ச் சேர்ந்த ஹூப்

ரோட்டால் என்னும் பள்ளத்தாக்கில் மாடு வைத்திருக்கும் யாரிடமும் குவிரின் என்ற பெயரைச் சொன்னால் போதும், "சினை ஊசிக்காரனா?" என்று கேட்பார்கள். ஜெர்மனியில், பவேரியாவின் அந்த மூலையில் பண்ணைகள் மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். மாடு பருவத்துக்கு வந்துவிட்டது என்று காலையில் போன் வந்தால் பொழுது சாய்வதற்குள் குவிரின் அங்கே போய் நின்றாக வேண்டும். கார் டிக்கியில் புகை கக்கும் உறைபனிக் குடுவை ஒன்று இருக்கும். அதற்குள் நாட்டின் பேர்பெற்ற காளைகளின் வித்தெல்லாம் மெல்லிய குழல்களில் அடங்கியிருக்கும். அத்தனை காளைகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு முன்சீட்டில் ஒண்டிக்கட்டையாகப் போகிறவன் என்று பண்ணைக்காரர்கள் அவனைக் கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. பெண்களிடம் பேசத் தெரியாது என்றில்லை. பேச்சு எப்படித் தொடங்கினாலும் கடைசியில் மாட்டின் கருப்பையில் போய் நின்றுவிடும். விதவையான அக்கா ரெஸியின் வீட்டு மாடியறையில்தான் குடியிருந்தான்.

அவனுடைய பழைய காரில் இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு குமிழ் இருந்தது. ஜாம் புட்டி மூடி அளவு இருக்கும். அதைத் திருகினால் வழிகாட்டித் திரையில் ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் விரலில் ஒரு சின்ன 'டக்' தட்டும். வேண்டிய ஊர் வந்ததும் குமிழை அமுக்கினால் ஆயிற்று. கையுறை போட்டுக்கொண்டு திருகலாம். சாணிக் கையோடு திருகலாம், பிறகு துடைத்துவிடலாம். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவே வேண்டாம். வருஷக்கணக்காக அப்படியே ஓட்டிப் பழகியவனுக்கு, சட்டைப் பொத்தானைப் போடுவது போல அது தானாக வந்தது.

காரின் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது மாடு வளர்ப்போர் சங்கம் அவனுக்குப் புதுக் கார் கொடுத்தது. அதில் குமிழ் இல்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தொடுதிரை மட்டும் இருந்தது.

அது குளிர்காலம். கையுறையோடு தொட்டால் திரை அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. கையுறையைக் கழற்றி ஈர விரலால் தொட்டால், கேட்காததையெல்லாம் செய்தது. ஊர்ப்பெயர் கேட்டால் வானொலி பாடியது. வானொலியை நிறுத்தினால் சீட்டு சூடேறியது. ஒருநாள் ரயில்வே கேட்டில் நின்றபோது, இரண்டு கையிலும் கையுறை இருக்கிறதே என்று மூக்கு நுனியால் திரையைத் தட்டினான். தட்டியதும் வேலை செய்தது. அதை அடுத்த காரிலிருந்த பாதிரியார் பார்த்துவிட்டார். சாயங்காலத்துக்குள் செய்தி ஊரெல்லாம் பரவியது.

"நீ காருக்கு முத்தம் குடுக்கறியாமே?" என்றாள் ரெஸி, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

"மூக்கால தட்டினேன்க்கா. டச் ஸ்கிரீன் அது."

"எதுக்காவது குடுத்தியே, அது வரைக்கும் சந்தோஷம்."

அன்றிலிருந்து குவிரின் போகும் பண்ணையிலெல்லாம் தொடுதிரையைத் திட்டித் தீர்த்தான். மாடு கேட்டது, பண்ணைக்காரர் கேட்டார், சங்கத்து ஆபீஸில் போன் எடுக்கும் பெண் தினமும் கேட்டாள்.

மார்ச் தொடக்கத்தில் பக்கத்து வட்டாரத்துச் சினை ஊசிக்காரர் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டார். அவர் பகுதியையும் குவிரினே பார்க்க வேண்டியதாயிற்று. பழக்கமில்லாத சாலைகள், பழக்கமில்லாத பண்ணைகள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஹூப் என்ற ஊரில் மோஸ்பவுவர் என்பவரின் மாடு காத்திருக்கிறது என்று சொன்னார்கள். ஹூப் என்ற பெயரில் நம் பக்கம் எத்தனை குக்கிராமம் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஹூப்பில்தான் விழும்.

காட்டுப் பாதை. பனி உருகி ஒரே சேறு. திரையில் ஹூப் ஹூப் என்று வரிசையாக நின்றன. வேண்டியதைக் குறிபார்த்து அவன் விரலை நீட்டவும் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கவும் சரியாக இருந்தது. விரல் ஒரு வரி கீழே பட்டது. அவன் கவனிக்கவில்லை. காரிலிருந்த பெண்குரல் இடதுபக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினான். நல்ல வெயில். வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனான்.

போய்ச் சேர்ந்த பண்ணையில் முற்றத்தில் ஆளில்லை. நாய் மட்டும் வாலை ஆட்டியது. இவன் ஏப்ரனைக் கட்டி, தோள்வரை வரும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் நுழைந்தான். உள்ளே ஒரு பெண் வைக்கோலில் மண்டியிட்டு, படுத்திருந்த மாட்டின் பின்னால் போராடிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவள் பெயர் அஃப்ரா. கிழவர் அவளுடைய அப்பா. இதெல்லாம் குவிரினுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"டாக்டர் அனுப்பிச்சாரா உங்கள?" என்று அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"இல்லீங்க. சினை ஊசி போட வந்தேன்."

அவள் இப்போது திரும்பினாள். அவனையும் அவன் கையுறையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இங்க உள்ள போடறதுக்கு ஒண்ணும் இல்ல. வெளிய எடுக்கறதுக்குத்தான் ஆள் வேணும். வாங்க."

கால்நடை டாக்டர் வேறொரு பண்ணையில் மாட்டிக்கொண்டிருந்தார். வந்து சேர நேரமாகும். கன்றின் தலையும் ஒரு காலும் வாசலுக்கு வந்துவிட்டன. இன்னொரு முன்னங்கால் உள்ளே மடங்கிக்கொண்டது. மாடு முக்க முக்க அது இன்னும் இறுகியது. குவிரின் தன் வேலை இது இல்லையே என்று யோசித்து நிற்கவில்லை. மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டான். மாடு முக்கும்போது பொறுத்து, விடும்போது கன்றை மெதுவாக உள்ளே தள்ளினான். இடம் கிடைத்தது. முழங்காலைத் தடவி, குளம்பைத் தேடி, அது கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு இழுத்தான். கால் நீண்டது. அவன் நெற்றி மாட்டின் தொடையில் பதிந்திருந்தது. என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். காட்டுப் பாதையில் பாடிய அதே பாட்டு என்று அவனுக்கே தெரியவில்லை. அஃப்ராவுக்குக் கேட்டது.

பிறகு இரண்டு காலிலும் கயிற்றைக் கட்டி இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கிழவர் வாலை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கன்று வழுக்கிக்கொண்டு வந்து குவிரினின் மடியிலேயே விழுந்தது. மூச்சில்லை. அஃப்ரா வைக்கோல் துரும்பால் அதன் மூக்கைக் குடைந்தாள். அவன் மார்பைத் தேய்த்தான். கன்று தும்மியது, பிறகு தலையை ஆட்டியது.

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது குவிரினின் போன் அடித்தது. கையெல்லாம் கோழை. அஃப்ராதான் அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"எங்கப்பா இருக்க?" என்றது ஒரு கரகரத்த குரல். மோஸ்பவுவர்.

"ஹூப்லதான் இருக்கேன்."

"நானும் ஹூப்லதான் இருக்கேன். உன்ன காணோமே."

"நான் தொழுவத்துல இருக்கேன்."

"நானும் தொழுவத்துலதான் இருக்கேன்."

குவிரின் மெதுவாக அஃப்ராவைப் பார்த்தான். "நீங்க மோஸ்பவுவர் வீடு இல்லீங்களா?"

அவளுக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். போனில் மோஸ்பவுவர், அங்கே யார் சிரிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். காது மந்தமான கிழவரும், எதற்கென்று தெரியாமலே, கூடச் சேர்ந்து சிரித்தார்.

"டச் ஸ்கிரீன்" என்று குவிரின் விளக்க ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "போதும், வயிறு வலிக்குது. கைய கழுவிட்டு வா, காப்பி போடறேன்." அதுவரை நீங்க என்றிருந்தவள் நீ என்று மாறியதை அவன் கவனித்தான். காப்பியோடு வெண்ணெய் தடவிய ரொட்டியும் வந்தது. மோஸ்பவுவரின் மாட்டுக்கு மறுநாள்தான் ஊசி போட்டான்; அது சினை பிடிக்காமல் போய், அடுத்த பருவத்துக்கு இன்னொரு தடவை போக வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் அஃப்ராவின் முற்றத்தில் குவிரினின் கார் வந்து நின்றது. திரை மறுபடி தப்பாகக் காட்டிவிட்டது என்றான். அஃப்ரா தலையாட்டினாள். கன்றைக் காட்டினாள். கன்று நன்றாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் திரை தப்பாகக் காட்டியது. கால் முறிந்தவர் குணமாகி வேலைக்குத் திரும்பிய பிறகும், தன் வட்டாரத்துக்கு நேரெதிர்த் திசையிலிருந்த அந்தப் பண்ணைக்கே திரை அவனைக் கொண்டுவந்தது. வீட்டில் ரெஸி, தம்பி வியாழக்கிழமை காலையில் சவரம் செய்துகொள்வதைப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் அவனுடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். அவள் வாயடக்கியதை அவன் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தான்.

மே மாதம் ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தபோது, முற்றத்தில் நின்று அவன் வழக்கமான சமாதானத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். மழை, ஈர விரல், வளைவு, குழி. அஃப்ரா பால் கேனைக் கீழே வைத்தாள்.

"ஒரு சந்தேகம், குவிரின். இந்த டச் ஸ்கிரீன் ஞாயித்துக்கிழம வேலை செய்யாதா?"

அவனுக்குக் காது மடல் வரை சிவந்தது.

"செய்யும்" என்றான். "ஞாயித்துக்கிழம நல்லாவே தப்பு பண்ணும்."

"அப்ப மத்தியான சாப்பாட்டுக்குத் தப்பா வந்துடு. அப்பாவுக்குப் பன்றி வறுவல் செய்றேன், உனக்கும் சேத்து."

அவன் அன்று காரில் ஏறி உட்கார்ந்து, வெகுநேரம் கிளப்பாமலே இருந்தான் என்று கிழவர் பிறகு ஊருக்கெல்லாம் சொன்னார்.

அக்டோபரில் கல்யாணம். மோஸ்பவுவர் அழையாமலே வந்து, என் மாடு விட்டுக்கொடுத்ததால்தான் இந்தக் கல்யாணமே என்று பீர்க் குவளையை உயர்த்திப் பேசினார். மோதிரம் மாற்றி முடிந்ததும் பாதிரியார், இனிமேல் முத்தம் கொடுக்கலாம், காருக்கு அல்ல என்றார். கோயில் இடிந்து விழும்படி சிரித்தார்கள். குவிரின் ஹூப்புக்குக் குடிபோனான். காலையில் மனைவியோடு பால் கறந்துவிட்டு வேலைக்குப் போவான். சாயங்காலமும் கறப்பதற்குத் திரும்பிவிடுவான்.

அடுத்த வசந்தத்தில் சங்கம் எல்லா ஊசிக்காரர்களையும் ஒரு விடுதியின் பின்னறையில் கூட்டியது. புதிதாகக் கார்கள் வாங்கப்போகிறார்கள். முற்றத்தில் இரண்டு மாதிரிக் கார்கள் நின்றன. ஒன்றில் தொடுதிரை, இன்னொன்றில் குமிழ். எல்லோரும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையுயர்த்த வேண்டும். முதலில் குவிரின் பேசட்டும் என்றார்கள். ஒரு வருஷமாகத் திரையைத் திட்டியவன் இனி எந்த முகத்தோடு திட்டுவான் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. அவன் எழுந்தான்.

"டச் ஸ்கிரீன் எனக்குப் பொண்டாட்டிய குடுத்துது. இல்லன்னு சொன்னா வீட்டுக்குப் போக முடியாது. ஆனா ஒரு மனுஷனுக்கு அது ஒரு தடவ போதும். இனிமே நான் போற எடத்துக்குச் சரியாப் போகணும், சாயங்காலம் சரியா வீட்டுக்கு வரணும். எனக்குக் குமிழ் குடுங்க."

கல்யாணமானவர்கள் ஒட்டுமொத்தமாகக் குமிழுக்குக் கை தூக்கினார்கள். கல்யாணமாகாத இருவர், தங்களுக்குத் தொடுதிரையே இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். தலைவர் சிரித்து முடித்துவிட்டு, அப்படியே வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்காக ஒரு பழைய கார் வாங்கும்போது மட்டும் அஃப்ரா ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் திரையைத் தொடுவதுதான் பிடித்தது. தொட்டால் படம் பெரிதாகிறது, ஆறெல்லாம் நீலமாகத் தெரிகிறது என்பாள். கடைசியில் இரண்டும் இருக்கிற ஒரு காரைத் தேடிப் பிடித்தார்கள். அவன் திருகுவான், அவள் தொடுவாள். இருவரும் ஒரே நேரத்தில் செய்தால் காரின் பெண்குரல் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். யார் கையை எடுப்பது என்று அடுத்த ஊர் வரை வாக்குவாதம் நடக்கும்.

அந்தக் கோடையில்தான் அஃப்ரா முதல்முதலாகக் கடல் பார்த்தாள். இரண்டு வேளையும் மாடு கறக்க வேண்டியிருந்தவளுக்கு அதுவரை ஒரு நாள்கூட ஊரைவிட்டுப் போக முடிந்ததில்லை. ரெஸி பெட்டியோடு ஹூப்புக்கு வந்து இறங்கி, மாடுகளும் கிழவரும் என் பொறுப்பு, கிளம்புங்கள் என்றாள். ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கும் வரை அஃப்ரா திரையில் நீலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். வந்ததும் திரையை மறந்துவிட்டாள். காரை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்தாள். முழங்கால் ஆழத்தில் நின்று, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, வா என்று கை காட்டினாள். குவிரின் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஓடினான்.