பெரியவனின் மணிக்கட்டு

பெரியவன் எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பமாட்டான். குணமும் அதுதான், பிழைப்பும் அதுதான். ஆன்லைனில் பொருள் வாங்கியவர்கள் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் பார்சல்கள் வந்து குவிகிற கிடங்கில், அவற்றைப் பிரித்துச் சரிபார்க்கிற மேஜை அவனுடையது. புதுச் சட்டையை வாங்கி, ஊரெல்லாம் போட்டுச் சுற்றிவிட்டு, அக்குளில் வியர்வை காய்ந்ததும் அழகாக மடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. செல்போன் பெட்டிக்குள் குளியல் சோப்பை வைத்து ஒட்டி அனுப்புகிற மகானுபாவர்களும் உண்டு. இதையே பார்த்துப் பார்த்து அவனுக்கு மனித குலத்தின் மேல் பெரிதாக அபிப்பிராயம் எதுவும் மிச்சமில்லை. வீட்டுக்கு வாங்கி வரும் காய்கறிப் பையைக்கூட ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பான்.

ஆனால் கிடங்கின் மேல் பழி போடுவது நியாயமில்லை. இந்தச் சந்தேகம் அவனோடு கூடவே பிறந்தது. அவனுக்குச் சற்றுப் பின்னாலேயே அதே மூக்கு, அதே காது, அதே கோணல் சிரிப்போடு இன்னொருவன் வந்து சேர்ந்தான். முன்னால் வந்தவன் பெரியவன், பின்னால் வந்தவன் சின்னவன்; வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. பெற்ற அம்மாவே ஒருவனுக்கு இரண்டு தடவை மருந்து ஊற்றிவிட்டு, மற்றவனைக் காய்ச்சலோடு பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாள். அப்புறம் ஊரை என்ன சொல்ல? சின்னவன் ஜன்னலை உடைப்பான், பெரியவன் முட்டி போடுவான். பெரியவன் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தான், சின்னவனைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள். அந்தப் பயல் கீழே இறக்கிவிடும்வரை வாயே திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பெரியவனுக்கு வயிறு எரியும்.

ஒரே ஒரு மரியாதையைத்தான் பெரியவன் கேட்டான். முதலில் வந்தவன் தான், ஆகவே தன்னை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். சின்னவனா மசிவான்? பிறந்ததிலிருந்து "டேய்" தான். "எனக்கு முன்னாடி கதவைத் தொறந்துட்டு வந்தவன் எல்லாம் எனக்கு அண்ணனாடா?" என்று கேட்பான். அவன் பேக்கரி வேன் ஓட்டுகிறவன். தெருத் தெருவாக ரொட்டி இறக்கும்போது கடைக்காரர்களையெல்லாம் வாய் நிறைய அண்ணே, அண்ணே என்பான். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அந்த வார்த்தைக்குப் பஞ்சம்.

இப்படியே முப்பது வயது தாண்டிவிட்டது. அப்புறம்தான் பெரியவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண், மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பது அவள் வேலை. பெரியவனுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. சந்தேகப்பட எதுவுமே கிடைக்கவில்லையே என்பதுதான் முதலில் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

அந்த நிம்மதிக்கும் ஆயுசு குறைவு. ஒரு நாள் சாயங்காலம் சின்னவன் கையில் ஒரு பையோடு வந்தான். உள்ளே கருநீலச் சட்டை. பஸ் நிறுத்தத்தில் அவள் பார்த்தாளாம், பக்கத்தில் வந்து நின்று பேசினாளாம், உங்களுக்காகத்தான் வாங்கினேன் என்று கொடுத்தாளாம்.

"நான் அவன் இல்லன்னு சொன்னியா?" என்று பெரியவன் கேட்டான்.

"இல்ல" என்று சொல்லிவிட்டுச் சின்னவன் சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் பெரியவனுக்கு நாக்கு எழவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். அந்தச் சட்டையை அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், கழுத்துப்பட்டையை முகர்ந்து பார்த்தான். யாரும் போட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை. என்றாலும் நெஞ்சில் முள் தைத்தது தைத்ததுதான். கண்ணைப் பரிசோதிக்கிற பெண்ணுக்கே அடையாளம் தெரியவில்லை. நாளைக்குக் கல்யாணமாகி ஒரே வீட்டில் இருக்கப்போகிறார்கள். அவள் பாசமாக ஒரு வார்த்தை சொன்னால், அது தன்னிடம்தான் வந்து சேருமா, அல்லது பாதி வழியில் வேறொருவன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வானா? அன்றைக்கே முடிவு செய்தான். தண்ணீரிலும் சோப்பிலும் போகாத அடையாளம் ஒன்று தன் மேல் வேண்டும்.

கிடங்கில் பேக்கிங் பிரிவு அக்கா ஒருத்திக்கு மணிக்கட்டில் சின்னதாக ஒரு மீன் பச்சை குத்தியிருக்கும். பெரியவன் அவளிடம் போய், யாருக்கோ விசாரிப்பதுபோல விசாரித்தான். அக்கா விவரம் தெரிந்தவள், சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். கொஞ்ச நாள் முன்னாலிருந்தே அந்த இடத்தில் கிரீம் தடவித் தோலை மிருதுவாக வைத்துக்கொள்ள வேண்டும். குடிக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு போகக் கூடாது. என்ன படம் என்பதைத் தீர்மானித்துவிட்டுப் போக வேண்டும், அங்கே போய் முழிக்கக் கூடாது. ஊரில் நல்ல கடை ஒன்றுதான் இருக்கிறது, தையல் கடைக்கு மேல் மாடி. எல்லாம் சரி, உனக்குத்தான் ஊசி என்றாலே மயக்கம் வருமே, போன தடவை ரத்தம் எடுக்க வந்தவர்கள் உன்னையல்லவா தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கடைசியில் போட்டு உடைத்தாள். பெரியவன் மெல்ல நழுவினான்.

அதற்கும் அவன் தயாரானான். திரும்பி வருகிற சட்டைகளில் குத்தியிருக்கும் குண்டூசி ஒன்றை எடுத்து, மேஜைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் மணிக்கட்டில் அழுத்திப் பழகினான். முதல் நாள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. போகப்போகக் காது மட்டும் அடைத்தது. படமும் தீர்மானமாகிவிட்டது: ஒரு சின்ன மூக்குக் கண்ணாடி. அவள் வேலைக்குப் பொருத்தமாக இருக்கும். இதை அக்காவிடம்கூட அவன் மூச்சு விடவில்லை. குளியலறையில் பேனாவால் வரைந்து பார்ப்பான், உடனே தேய்த்துக் கழுவுவான். விஷயம் சின்னவன் காதுக்குப் போனால் அடுத்த நாளே அவன் கையிலும் ஒரு கண்ணாடி முளைத்துவிடும். அப்புறம் குத்தினாலும் ஒன்றுதான், குத்தாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் கிரீம் டப்பா குறைய ஆரம்பித்தது.

பெரியவன் அதைத் துணி அலமாரியில், குளிர்காலப் போர்வைக்குள் சுருட்டி வைத்திருந்தான். தான் எடுப்பதைவிட வேகமாக அது காலியானது. ஒரு நாள் மேற்பரப்பைக் கத்தி முனையால் வழவழப்பாக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். வந்து பார்த்தால் நடுவில் ஒரு விரல் பள்ளம். அம்மாவிடம் சாடைமாடையாகக் கேட்டான். எனக்கு எதுக்குடா இந்த வயசுல மேக்கப் என்று அம்மா திருப்பிக் கேட்டாள். மிச்சம் இருப்பவன் ஒருவன்தானே?

அன்றிலிருந்து அவன் சின்னவனைப் பார்சல் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினான். கொளுத்துகிற வெயிலில் பயல் முழுக்கைச் சட்டை போடுகிறான். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றுவதே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது கதவுப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். ஒரு நாள் பெரியவன் பின்னால் போய் நின்றதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். என்னடா அது என்றால், ரொட்டித் தட்டு சுட்டுவிட்டது என்கிறான். வேன் ஓட்டுகிறவனைத் தட்டு எங்கே வந்து சுட்டது? சரிதான், மோப்பம் பிடித்துவிட்டான்; தனக்கு முன்னால் போய்க் குத்திக்கொண்டு, சைக்கிள் பந்தயத்தில் செய்ததையே கல்யாணத்திலும் செய்யப்போகிறான் என்று பெரியவனுக்கு உறுதியாகிவிட்டது. கூடப் பிறந்தவனை இப்படி நினைக்கிறோமே என்று ஒருபக்கம் மனசு குத்தத்தான் செய்தது. ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இனி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதென்று மறுநாளே லீவு போட்டான். வயிறு முட்டச் சாப்பிட்டான், குண்டூசிப் புள்ளிகள் தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டான். பேக்கரி வேன் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பார்த்துக் கிளம்பி, தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தையல் கடை மாடிப்படி ஏறினான்.

மேலே சுத்தமான சின்ன அறை. சாய்வு நாற்காலி, வெள்ளை விளக்கு, சுவரெல்லாம் படங்கள். பச்சை குத்துகிற அம்மா நடுத்தர வயதுக்காரர், கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு பொட்டுகூடப் பச்சை இல்லை என்பதைத்தான் பெரியவன் முதலில் கவனித்தான். தன் சரக்கைத் தானே தொடாத கடைக்காரரா? திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு காலைப் பின்னால் வைத்தான். அதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்து, ரொம்ப நாள் பழகியவர்போலச் சிரித்தார்.

"வாங்க, வாங்க. கை ஆறிடுச்சா? கிரீம் விடாம போடறீங்கல்ல?"

பெரியவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆக, வந்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அவனில்லை என்று சொல்ல வாயெடுத்தான். வாழ்நாளெல்லாம் எவனை இதற்காகத் திட்டித் தீர்த்தானோ, அவன் செய்த வேலையையே இப்போது இவன் செய்தான். வாயை மூடிக்கொண்டு, கோணலாகச் சிரித்து, தலையை ஆட்டினான். போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தும்விட்டான்.

அந்த அம்மா பேச்சுக்காரர். அண்ணனுக்கு இன்னும் தெரியாதுதானே என்று கேட்டார். தெரியாது என்று பெரியவன் தலையை ஆட்டினான். அது ஒன்றுதான் அவன் அங்கே சொன்ன நிஜம். கல்யாணம் வரைக்கும் மறைப்பது கஷ்டம், இந்த வெயிலில் முழுக்கைச் சட்டையோடு எத்தனை நாள் திரிவீர்கள் என்று அவரே பேசிக்கொண்டு போனார்.

"எனக்கு அன்னைக்கு நீங்க சொன்னது மனசுலயே நிக்குது. அந்தப் பொண்ணு ஆசையா சட்டையைக் குடுத்தப்ப, நான் அவன் இல்லன்னு சொன்னா நடுரோட்டுல அவங்க முகம் சுருங்கிடுமேன்னு பேசாம வாங்கிக்கிட்டேன்னு சொன்னீங்களே. இனிமே அண்ணிக்கு அந்தச் சங்கடமே வரக்கூடாதுன்னு."

பெரியவன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கூசியது.

"அண்ணனுக்கு ஊசின்னா மயக்கம் வரும், அதனால நான் குத்திக்கிறேன்னீங்க. பூ போடட்டுமான்னு கேட்டேன். பூன்னா, பூ போட்டவன் யாருன்னு ஞாபகம் வெச்சுக்கணும், எழுதிட்டா படிச்சாலே போதும்னீங்க. இத்தனை வருஷத்துல காதலி பேரு எழுதியிருக்கேன், புள்ள பேரு எழுதியிருக்கேன். தம்பின்னு எழுதிக்கிட்டுப் போன ஒரே ஆளு நீங்கதான். எங்க, கையைக் காட்டுங்க பார்ப்போம்."

காட்டாமல் எப்படி இருப்பது? அவர் பொத்தானைக் கழற்றி மணிக்கட்டைத் திருப்பினார். குண்டூசி குத்திய சிவப்புப் புள்ளிகளைத் தவிர அங்கே எதுவும் இல்லை. அவர் மற்றக் கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு இவன் முகத்தைப் பார்த்தார்.

"எங்க போச்சு?"

"அது என் தம்பி கையில இருக்கு" என்றான் பெரியவன். அழுதுவிட்டான் என்றே சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வந்ததுதான் வந்தீர்கள், உங்களுக்கு அண்ணன் என்று எழுதிவிடட்டுமா, ஜோடியாக இருக்கும் என்று கேட்டுப் புது ஊசிப் பொட்டலத்தை எடுத்தார். பெரியவன் பழக்க தோஷத்தில் அதை வாங்கி, சீல் உடையாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தால் போதுமே என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

வீட்டில் சின்னவன் வேலை முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்தான். பொத்தான் போட்டபடியே இருந்தது. பெரியவன் நேரே அலமாரிக்குப் போய், போர்வையைப் பிரித்து, கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கையை நீட்டு. விடாம போடணுமாம்."

சின்னவன் முகம் வெளுத்தது. "யார் சொன்னது?"

"மாடியில அந்தம்மாதான். நீன்னு நெனச்சு எங்கிட்ட சொன்னாங்க. நானும் நீ மாதிரியே உக்காந்து கேட்டுக்கிட்டேன்."

சின்னவன் தானே பொத்தானைக் கழற்றினான். மணிக்கட்டின் உள்பக்கம், இன்னும் லேசாகத் தோல் உரிந்துகொண்டிருந்த இடத்தில், கட்டை எழுத்தில் தம்பி என்று இருந்தது. பெரியவன் குனிந்து பார்த்தான். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். என்ன இருந்தாலும் பார்சல் பிரிக்கிற கை, சும்மா இருக்குமா? கட்டை விரலால் அழுத்தி ஒரு தேய் தேய்த்தான்.

"அழியுதான்னு பாக்குறியா?"

"ஆமா" என்று இன்னொரு தடவை, இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

"வலிக்குதுண்ணே, விடு."

பெரியவன் விரல் நின்றது. தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று அவனுக்குச் சந்தேகம். இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் தேய்க்கவில்லை. டப்பாவில் மிச்சமிருந்த கிரீமை வழித்தெடுத்து அந்த எழுத்துகளின் மேல் மெதுவாகத் தடவிவிட்டான்.