அடியாள் வேதாச்சலத்தின் ஒரே வசனம்

ஆந்திராவில் தமிழ் பேசும் எங்கள் நகரிப் பக்கம் அடிதடிப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரே சட்டம்தான். சிவப்பாக இருந்தால் நியாயம் கேட்கும் பொதுமக்கள், கறுப்பாக இருந்தால் அடியாள். என் பக்கத்துத் தறிக்காரன் வேதாச்சலம் நல்ல கறுப்பு. போதாததற்குப் பெரிய மீசை வேறு. பதினேழு படங்களில் அடி வாங்கினான். போலீஸ் கைவிட்டதும் தானே நீதி வழங்கப் புறப்படும் ஹீரோ, முதல் தவணையை இவன் முகத்தில்தான் வழங்குவார்.

அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. படம் வந்துவிட்டால் பவர்லூமை நிறுத்திவிட்டுத் தெருவே திருப்பதிக்கு ரயிலேறும். வேதாச்சலம் பறந்துபோய் விழும்போது விசிலடிப்போம். அவன் மகள் பிரீத்தி மட்டும் வரமாட்டாள். பள்ளியில் அவளை ரவுடி மகள் என்றார்கள்.

"ஒரு தபாவாவது நல்லவனா வா நைனா" என்று ஏழு வயதில் அழுதாள். அது அவனுக்குள் அப்படியே தங்கிவிட்டது.

போன வருடம் இன்னொரு தெலுங்குப் படம். ஹீரோவை நாற்காலியில் கட்டுவது வேதாச்சலத்தின் வேலை. ஹீரோ திமிறினால் கட்டு தெறிக்க வேண்டும். இவனோ பழக்க தோஷத்தில், அறுந்த இழைக்குப் போடும் தறி முடிச்சைப் போட்டுவிட்டான். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. ஹீரோ உறுமினார், திமிறினார், நாற்காலியோடு சாய்ந்தார். கடைசியில் கத்தரிக்கோல் வந்துதான் விடுதலை. சிரித்து ஓய்ந்த டைரக்டர், இவன் நெசவாளி என்று தெரிந்ததும் வேடத்தையே மாற்றினார். ரவுடிகளை எதிர்த்து நிற்கும் நெசவாளி வேடம், ஒரு வசனம். உன் பாஷையிலேயே பேசு என்றார்.

"தறிய உட்டுட்டு நாங்க எங்கியும் போவ மாட்டோம். இன்னா பண்ணுவியோ பண்ணிக்க!"

திருப்பதியில் நர்ஸாக இருக்கும் பிரீத்திக்கு அதைப் போனில் எத்தனை முறை சொல்லிக் காட்டினானோ! படம் வந்ததும் நாங்கள் திருப்பதிக்கு ரயிலேறினோம்; அவளும் லீவு போட்டுத் தியேட்டருக்கு வந்தாள். அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பது அதுதான் முதல் முறை.

திரையில் வேதாச்சலம் வாய் திறந்தான். வந்தது வேறு யாருடைய குரலோ. கணீரென்ற சுத்தத் தெலுங்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தை வைத்துக்கொண்டு குரலைப் பிடுங்கிவிட்டார்களே!

"என் கொரலு இல்லியேம்மா" என்று வேதாச்சலம் தலையைக் குனிந்துகொண்டான்.

பிரீத்தி எழுந்தாள். "தறிய உட்டுட்டு நாங்க எங்கியும் போவ மாட்டோம். இன்னா பண்ணுவியோ பண்ணிக்க!" அதே இழுப்பு, அதே அழுத்தம். தியேட்டரே திரும்பிப் பார்த்தது.

"குந்தும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் அவன்.

"பாக்கட்டும். இவருதான் எங்க நைனா" என்றாள் பிரீத்தி, நின்றபடியே.